சக்கரம் மண்ணைத் தொடுமிடம்

கோயம்புத்தூர்ச் சீமையின் தொழிற் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்களில் பெரும்பாலோர் பஞ்சாலையிலே தொடங்கிப் பம்புசெட்டிலே சற்று இளைப்பாறி, மோட்டார் என்ற பேச்சு வந்ததும் இயந்திரத்தின் குதிரைச் சக்தியையும் அதை ஓட்டியவரின் தைரியத்தையும் விஸ்தாரமாக வர்ணித்துவிட்டு, அந்தச் சக்தியும் தைரியமும் கடைசியில் எந்த இடத்தில் மண்ணைத் தொட்டுப் பயன் கொடுத்தன என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ஒரு கார் எத்தனை பெரியதாயினும், எத்தனை வேகமாகப் பாய்வதாயினும், அதன் ஒவ்வொரு சக்கரமும் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலந்தான். வண்டியைத் தள்ளுவது, நிறுத்துவது, திருப்புவது ஆகிய சகல காரியங்களும் அந்த நான்கு உள்ளங்கை அகலத்துக்குள்ளேயே நடந்தேற வேண்டும். கொங்கு நாட்டு வேகத்தின் சரித்திரத்தை அந்த இடத்திலிருந்து எழுதிப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாளைய எண்ணம்.

அவிநாசி சாலையில் கருமத்தம்பட்டியை அடைந்து தெற்கே திரும்பினால் வரும் சோமனூர், விசைத்தறிகளுக்குப் பேர்போன ஊர். கூலிக்கு நெய்து கொடுக்கும் தறிக்காரர்களும், பாவு நூலையும் நெய்த துணியையும் ஏற்றிச் செல்லும் வேன்களும் நிறைந்த இந்த ஊருக்கும், பந்தயக் காரின் டயருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. சம்பந்தம் மிக நெருங்கியது. டயர் என்பது வெறும் ரப்பரென்று நினைப்பவர்கள் அதை அறுத்துப் பார்த்ததில்லை. ரப்பர் அதன் மேல்தோல். உள்ளே காற்றின் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு உருவம் குலையாமல் நிற்பது நூல். அந்த நூலை எப்படி அடுக்குவது என்ற கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறையும் கண்ட விடைதான் டயரின் பிடிமானம் வளர்ந்த கதையில் பெரும்பகுதி.

அதற்குமுன் வண்டிச் சக்கரத்தின் பழைய நிலையைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பக்கத்துக் கரிசலில் விளைந்த பருத்தியைச் சந்தைக்குக் கொண்டு சேர்த்த மாட்டு வண்டிகளுக்கு மரச் சக்கரமும், அதன்மேல் பழுக்கக் காய்ச்சி இறக்கிய இரும்புப் பட்டாவுந்தான். அந்த வண்டிக்குப் பிடிமானம் என்ற பிரச்சினையே கிடையாது. இழுப்பது காளை, மண்ணைப் பற்றுவது அதன் குளம்பும் குளம்பில் அடித்த லாடமும். சக்கரம் தடையின்றி உருண்டு பின்னால் வந்தால் அதன் கடமை முடிந்தது. ரேக்ளாப் பந்தயத்தில் காளைகள் பாயும் வேகம் பார்ப்பவர் நெஞ்சைப் பதறச் செய்யும். ஆனாலும் அங்கேயும் பந்தயம் குளம்புகளுக்கிடையேதான் நடக்கிறது, சக்கரங்களுக்கிடையே அன்று. வண்டியின் சக்தி வண்டிக்குள்ளேயே பிறந்து, சக்கரத்தின் வழியாகத் தரைக்கு இறங்க வேண்டும் என்ற நிலை மோட்டார் வந்தபிறகுதான் ஏற்பட்டது. அதுவரை மாட்டின் குளம்பு செய்துவந்த வேலை முழுவதும் அன்று சக்கரத்தின் தலையில் விழுந்தது. இந்த மாற்றம் எத்தனை பெரியது என்பதை நம் சரித்திராசிரியர்கள் போதிய அளவு உணரவில்லை என்றே சொல்லுவேன்.

காற்றடைத்த டயரை ராபர்ட் வில்லியம் தாம்ஸன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845இலேயே யோசித்து உரிமை பெற்றிருந்தும், உலகம் அதை மறந்துவிட்டது. 1888இல் பெல்பாஸ்ட் நகரத்து மிருக வைத்தியர் ஜான் பாய்ட் டன்லப் அதை மறுபடியும் கண்டுபிடித்தார். மறு ஆண்டு அதே நகரத்தில் நடந்த சைக்கிள் பந்தயங்களில் அந்த டயர் பூட்டிய வண்டி வென்றபிறகுதான் ஜனங்கள் நம்பினார்கள். மோட்டார் காருக்கு அதைப் பூட்டலாம் என்று காட்ட, மிஷலின் சகோதரர்கள் 1895இல் பாரிஸிலிருந்து போர்தோ சென்று திரும்பும் பந்தயத்தில் வழியெல்லாம் பஞ்சர் ஒட்டிக்கொண்டே ஓடினார்கள். டயரின் தகுதியைப் பந்தயமே பரீட்சித்துச் சொல்லும் வழக்கம் இப்படி ஆதியிலேயே தொடங்கிவிட்டது.

நம் பக்கத்தில் மோட்டார்ச் சக்கரத்தின் கதை, சூலூரை அடுத்த கலங்கலில் 1893இல் பிறந்த ஜி. டி. நாயுடுவிடமிருந்து தொடங்குகிறது என்று சொன்னால் மிகையாகாது. கோயம்புத்தூரில் வியாபாரமும் தொழிலும் நடத்திவந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் துரையின் ஆதரவுடன் ஒரு பஸ்ஸை வாங்கி, 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டத் தொடங்கிய அவர், பின்னர் யு. எம். எஸ். என்ற பெயரில் பெரிய பஸ் நிறுவனத்தையே நிறுவினார். அவருடைய கண்டுபிடிப்புகளைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதிசயமாகத் தோன்றுவது, சல்லி பெயர்ந்த பாதைகளில், கடல் கடந்து வந்த விலையுயர்ந்த டயர்களை வைத்துக்கொண்டு, குறித்த நேரத்துக்கு வண்டி விடுவதென்பது அந்தக் காலத்தில் எத்தகைய சாதனை என்பதுதான். வங்காளத்தில் ஹூக்ளி ஜில்லாவின் சாகாகஞ்சில் டன்லப் தொழிற்சாலை 1936இல்தான் வந்தது. அதற்கு முந்திய பஸ் முதலாளிக்கு டயர் ஒன்று எத்தனை மைல் ஓடும் என்பதே லாப நஷ்டக் கணக்கின் முதல் வரி. பிடிமானத்தைவிட ஆயுள் பெரிதாக மதிக்கப்பட்ட காலம் அது. இந்த இரண்டுக்கும் உள்ள வழக்கு இன்றுவரை தீர்ந்தபாடில்லை.

இனி நூலின் விஷயத்துக்கு வருவோம்; சோமனூர் வாசகருக்கு இது சுலபமாக விளங்கும். ஆரம்பகாலத்து டயர்களின் உடல் கித்தான் துணியால் ஆனது. பாவும் ஊடையும் சம பலத்துடன் மேலும் கீழுமாகப் பின்னிச் செல்லும் சாதாரண நெசவு அது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுந்தோறும் டயரின் ஒவ்வொரு பகுதியும் தரையில் அமுங்கி மீள்கிறது. அப்படி அமுங்கும்போதெல்லாம் பாவு நூல் ஊடை நூலின்மேல் உராய்ந்து, சூடேறி, ஒன்றையொன்று அறுத்துக்கொண்டது. துணிக்கு அழகும் உறுதியும் தருகிற அதே பின்னல் டயருக்கு எமனாயிற்று. இதற்குக் கண்ட பரிகாரம், கனமான முறுக்கு நூல்களைப் பாவாக மட்டும் நெருக்கி வைத்து, அவை கலைந்துபோகாமலிருக்க மட்டும் இங்கொன்றும் அங்கொன்றுமாக மெல்லிய ஊடை கொடுத்து, அந்தப் பாவை ரப்பரில் தோய்த்து அடுக்குவது. ஓர் அடுக்கு ஒருபுறமாகச் சாய்ந்தால் அடுத்தது எதிர்ப்புறமாகச் சாயும். நூல்கள் ஒன்றையொன்று தொடாதபடி இடையே ரப்பர் நிற்கும். பருத்தி நூல் போய் ரேயான் வந்தது. ரேயானுக்குப்பின் நைலான் வந்தது. திருவொற்றியூரில் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை 1946இல் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய கொட்டகை, 1952இல் டயருக்கு மேற்பட்டை ரப்பர் செய்யும் இடமாகி, 1961இல் முழு டயர் செய்யும் தொழிற்சாலையாகி, எம். ஆர். எஃப். என்ற பெயரில் நைலான் டயரை நாடெங்கும் பரப்பியது 1973க்குப் பின்னர்.

சாய்வாக நூல் அடுக்கிய அந்தப் பழைய டயருக்கு ஒரு குணம் உண்டு. வளைவில் வண்டி சாயும்போது டயரின் பக்கச் சுவரும் தரையைத் தொடும் பட்டையும் ஒன்றாகவே நெளியும். பட்டையின் ஒரு விளிம்பு தரையை விட்டு எழும்பும். பிடி சிறிது சிறிதாகத் தளரும். தளர்வதை ஓட்டுபவர் கையால் உணர்ந்து, சமாளித்துக்கொள்ள அவகாசம் கிடைக்கும். 1946இல் மிஷலின் கம்பெனி உரிமை பெற்று, மூன்று ஆண்டுகளுக்குப்பின் விற்பனைக்குக் கொண்டுவந்த ரேடியல் டயரில், உடலின் நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேர்க்குறுக்காக ஓடும். அவற்றின்மேல் உருக்குக் கம்பிப் பட்டை ஒன்று சுற்றி நிற்கும். பக்கச் சுவர் தன் பாட்டுக்கு நெளிய, பட்டை மட்டும் தரையோடு தட்டையாகவே படிந்திருக்கும். ஆகையால் பிடி அதிகம், ஆயுளும் அதிகம். ஆனால் எல்லையைக் கடந்துவிட்டால் முன்னறிவிப்பு குறைவு. இந்தியாவில் 1977 முதல் தயாராகத் தொடங்கிய ரேடியல், நம் சாலைகளில் நிலைபெற இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. ரேடியலுக்கு முதல்முதல் மாறிய டிரைவர்களில் பலர் ஸ்டியரிங் பழக நாட்கள் ஆயின என்று சொன்னதில் வியப்பில்லை.

பிடிமானம் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வேறு காரியங்கள் அடங்கியிருக்கின்றன. ரப்பரின் அணுக்கூட்டங்கள் தரையின்மேல் ஒட்டி, இழுபட்டு, விடுபடுவது ஒன்று. பிசைந்த மாவு அம்மியின் கொத்து வரிகளில் புகுந்துகொள்வதுபோல ரப்பர் சாலையின் மேடுபள்ளங்களில் இறங்கி, மீளும்போது சக்தியை இழந்து, அந்த இழப்பினாலேயே தரையைப் பற்றிக்கொள்வது மற்றொன்று. இரண்டுக்கும் உஷ்ணம் வேண்டும். குளிர்ந்த பந்தய டயர் வழுக்கும். அளவுக்குமேல் காய்ந்த டயரும் வழுக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள குறுகிய எல்லையில்தான் அதன் முழுச் சக்தி வெளிப்படும். பாரத்தை இருமடங்காக்கினால் பிடி இருமடங்காவதில்லை, சற்றுக் குறைவாகவே உயரும். எனவே வளைவில் ஒரு பக்கச் சக்கரங்கள்மீது பாரம் முழுவதையும் சாய விடும் கார் தோற்கும். பிரேக்கும் திருப்பமும் ஒரே பிடியிலிருந்து பங்கு கேட்பவை. ஒன்றுக்கு அதிகம் கொடுத்தால் மற்றொன்றுக்குக் குறையும். இத்தனையையும் தாண்டி, பிடி எவ்வளவு என்பது வேறு, அந்தப் பிடி எப்படி வருகிறது, எப்படிப் போகிறது, முன் சக்கரத்தில் முதலில் விடுகிறதா, பின் சக்கரத்தில் விடுகிறதா என்பது வேறு. வண்டி சொன்ன பேச்சைக் கேட்கிறதா என்று மெக்கானிக்குகள் விசாரிப்பது இந்தப் பின்னதைத்தான். என் அபிப்பிராயத்தில் முன்னதைவிட இதுவே பெரிது.

இந்த ஞானமெல்லாம் தமிழ்நாட்டில் வளர்ந்த பள்ளிக்கூடம் சோழவரம். இரண்டாம் உலக யுத்தத்தின்போது சென்னைக்கு வடக்கே போட்ட விமானத் தளம், யுத்தம் முடிந்து கேட்பாரற்றுக் கிடந்தபோது, 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் அங்கே பந்தயங்கள் நடத்தினார்கள். விமானம் இறங்கப் போட்ட ஓடுபாதையில் கார் ஓடினால், நீண்ட நேர்ப்பாதையும் அதன் முடிவில் கூர்மையான திருப்பமும் தவிர வேறெதுவும் இராது. உச்ச வேகத்திலிருந்து திடீரென்று வேகத்தைக் குறைத்துத் திரும்புவதைவிடக் கடுமையான சோதனை டயருக்குக் கிடையாது. பந்தயத்துக்கென்றே செய்த டயரை வெளிநாட்டிலிருந்து தருவிப்பது மிகக் கடினமாயிருந்த இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம் அது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே தனித் தடம் அமைந்தபிறகு சோழவரம் ஓய்ந்தது.

சோழவரத்தில் ஓடியவர்களில் நம் ஊர்க்காரர் கரிவரதன். லட்சுமி மில் குடும்பத்தில் பிறந்து, செல்வத்தின் சௌகரியங்களில் மூழ்கிவிடாமல், கார் கட்டும் வித்தையில் உயிரை வைத்த மனிதர் அவர். பந்தயம் பணக்காரர்களின் விளையாட்டாகவே இருந்துவிடக் கூடாதென்று, மாருதி 800 காரின் சிறிய இயந்திரத்தை வைத்து, ஒருவர் மட்டும் அமரும் பந்தயக் காரைக் கோயம்புத்தூரிலேயே வடிவமைத்து, ஃபார்முலா மாருதி என்ற வகுப்பையே உண்டாக்கினார். குறைந்த சக்தியுள்ள இயந்திரம் என்று அதை இளப்பமாக எண்ணுவது தவறு. இயந்திரத்தில் உபரிச் சக்தி இல்லாதபோது, வளைவில் இழந்த வேகத்தைத் திரும்பப் பெற வழியில்லை. ஆகவே டயரின் பிடியைக் கடைசித் துளி வரை பயன்படுத்தத் தெரிந்தவனே அதில் வெல்வான். ஒரு தலைமுறை ஓட்டுனர்களுக்கு அந்தச் சிறிய கார் குருவாயிற்று. 1995 ஆகஸ்டில் இலகு விமான விபத்தில் கரிவரதன் மாண்டது கொங்கு நாட்டுக்கு ஏற்பட்ட நஷ்டம்; அதை இன்றும் வருத்தத்துடனேயே எழுத வேண்டியிருக்கிறது. செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் நீளத்தில் அமைந்த பந்தயத் தடத்துக்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று அவர் பெயரையே வைத்தார்கள். அங்கே எல்.ஜி.பி. ஃபார்முலா வகுப்பில் ஓடும் கார்களுக்கெல்லாம் ஒரே டயர், ஒரே இயந்திரம். காற்றழுத்தத்தைச் சிறிது ஏற்றியும் இறக்கியும், சக்கரத்தின் சாய்வைச் சிறிது மாற்றியும் மெக்கானிக் செய்யும் நுட்பமும், ஓட்டுபவரின் கையுமே வித்தியாசம். ஓடி வந்த காரின் டயரைத் தடவிப் பார்த்து, எந்த விளிம்பு அதிகம் தேய்ந்திருக்கிறது, ரப்பர் எங்கே சுருள் சுருளாகப் புரண்டிருக்கிறது என்று படிக்கத் தெரிந்த மெக்கானிக்குக்கு ஓட்டுனரிடம் கேட்டறிய வேண்டியது அதிகம் இருக்காது.

அந்த ஃபார்முலா மாருதியில் தொடங்கியவர்தான் நரேன் கார்த்திகேயன். தென்னிந்திய ராலியைப் பலமுறை வென்ற ஜி. ஆர். கார்த்திகேயனின் மகன், ஜி. டி. நாயுடுவுக்குக் கைகொடுத்த அதே ராபர்ட் ஸ்டேன்ஸ் 1862இல் நிறுவிய பள்ளியில் படித்தவர். 2005 மார்ச்சில் மெல்போர்னில் ஜோர்டான் அணிக்காக ஓடி, ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரானார். அந்த ஆண்டின் விதி விசித்திரமானது: தகுதிச் சுற்றுக்கும் முழுப் பந்தயத்துக்கும் ஒரே செட் டயர், நடுவில் மாற்றக் கூடாது. ஆயுளுக்கும் பிடிக்கும் உள்ள பழைய வழக்கை விதியே மேடைக்குக் கொண்டுவந்து விட்டது. மிஷலின், பிரிட்ஜ்ஸ்டோன் என்ற இரு கம்பெனிகள் போட்டியிட்டன. வருஷம் முழுதும் மிஷலின் டயரின் கையே ஓங்கியிருந்தது. 19 பந்தயங்களில் 18ஐ மிஷலின் பூட்டிய கார்களே வென்றன.

எஞ்சிய அந்த ஒன்று, ஜூன் 19ஆம் தேதி அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் நடந்தது. அங்கே பதின்மூன்றாவது வளைவு, பழைய முட்டைவடிவத் தடத்தின் சரிவான பகுதி. உச்ச வேகத்தில், சரிவினால் கூடுதல் பாரம் ஏறிய நிலையில், கார்கள் அதைக் கடக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஒத்திகையில் ரால்ஃப் ஷூமேக்கரின் டொயோட்டா அந்த இடத்தில் இடது பின் டயர் சிதைந்து சுவரில் மோதியது. ஆராய்ந்து பார்த்த மிஷலின் கம்பெனியார், அந்த வளைவில் வேகத்தைக் குறைக்க ஏற்பாடு செய்தாலன்றித் தங்கள் டயர்கள் பந்தயம் முழுவதும் தாங்கும் என்று உறுதி கூற இயலாதென்று வெளிப்படையாகச் சொன்னார்கள். வளைவை மாற்ற அதிகாரிகள் இசையவில்லை. பந்தயத்தன்று அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் மிஷலின் பூட்டிய 14 கார்களும் ஒதுங்கிவிட, பிரிட்ஜ்ஸ்டோன் பூட்டிய 6 கார்கள் மாத்திரம் ஓடின. பிரிட்ஜ்ஸ்டோனின் துணை நிறுவனமான ஃபயர்ஸ்டோன் அதே தடத்தின் 500 மைல் பந்தயத்துக்கு டயர் கொடுத்து வந்ததால், புதிதாகச் சுரண்டிய அந்தத் தரையின் சுபாவம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நரேன் நாலாவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். ஃபார்முலா ஒன்னில் ஓர் இந்தியர் பெற்ற முதல் புள்ளிகள் அவை.

ஆறே கார்கள் ஓடியதில் நாலாவது என்று அதை அலட்சியமாகப் பேசியவர்கள் உண்டு. நம் ஊரிலேயே பேசினார்கள். அந்தப் பேச்சை நான் ஒப்புக்கொள்ளவில்லை. வேகமான டயர் நல்ல டயர் என்று வருஷம் முழுதும் உலகம் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு வளைவு, ஒரு புதுத் தரை, ஒரு கூடுதல் பாரம் சேர்ந்தபோது, நின்று தாங்கிய டயரே நல்ல டயர் என்று தீர்ப்பாயிற்று. தாங்கும் தன்மையும் பிடிமானத்தின் ஓர் அங்கமே. பாதி வழியில் சிதைந்துபோகும் பிடியைப் பிடியென்று கணக்கில் சேர்ப்பதற்கில்லை. அன்று முழுத் தூரமும் தன் டயரைக் கெடுக்காமல், காரைச் சுவரில் மோதாமல் கொண்டு சேர்த்த கோயம்புத்தூர்க்காரர், பொள்ளாச்சி சாலையில் டயருக்கு மைல் கணக்குப் பார்த்த பஸ்காரர்கள் வளர்த்த விவேகத்தையே வேறோர் இடத்தில் காட்டினார் என்பது என் துணிபு.

அந்த விவேகம் இந்த ஊர்ப் பட்டறைகளில் தொழிலாகவும் நிலைத்தது. எல்.ஜி. குடும்பத்தார் போக்குவரத்தில் தொடங்கி, பட்டறைச் சாதனங்களும் காற்று அழுத்தும் கம்பிரஸர்களும் செய்து, பட்டன் தேய்ந்த டயருக்குப் புதுப் பட்டை போடும் ரீட்ரெட் தொழிலையும் கோயம்புத்தூரிலிருந்தே வளர்த்தார்கள். மொட்டை டயரைச் சுரண்டி, உள்ளே நூல் கெட்டிருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்து, இது இன்னொரு முறை தாங்கும், இது தாங்காது என்று சொல்லும் தொழிலாளியின் கண்ணுக்கும், பந்தயத் தடத்து மெக்கானிக்கின் கண்ணுக்கும் வித்தியாசம் அதிகமில்லை. முதல் மழை விழுந்தவுடன், தூசியும் எண்ணெயும் குழைந்த சாலையில், மொட்டை டயருடன் துணி ஏற்றிக்கொண்டு விரையும் வேன்களைக் காணும்போது, அந்தக் கண் எல்லா வண்டிக்காரருக்கும் வாய்க்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்ளும். உலர்ந்த தரையில் வரியே இல்லாத பந்தய டயர் அதிகம் பற்றும் என்பது உண்மை. நீரை வெளியேற்ற வரியில்லாத டயர் மழையில் தண்ணீரின்மேல் மிதந்துவிடும் என்பதும் அதே அளவு உண்மை.

மண் பாதையின் கதை இதற்கு நேர்மாறானது. பல்லடத்துக்கு அப்பால் காற்றாலைகள் நிற்கும் கேத்தனூர்ப் பக்கத்தில் ராலிப் பந்தயம் ஓடும்போது, அகலமான, மிருதுவான, வழவழப்பான டயரால் ஒரு பயனும் இல்லை. குறுகலாகவும் கெட்டியாகவும் உள்ள டயர், பெரிய பட்டன்களால் மேல்மண்ணைத் தோண்டிக் கீழே உள்ள உறுதியான தரையைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஒருவகையில் காளையின் குளம்பு செய்த வேலையையே அது செய்கிறது. இத்தகைய ராலி டயர்களில் பல ஆண்டுகள் உழைத்த எம். ஆர். எஃப்., ஐரோப்பிய ராலிப் போட்டியில் புகுந்தது; 2022இல் அந்த அணியின் ஸ்பானிய ஓட்டுனர் எஃப்ரென் யாரேனா, திருவொற்றியூர்க் கொட்டகையில் பிறந்த பெயரைத் தாங்கிய டயர்களில் ஓடி ஐரோப்பியச் சாம்பியன் ஆனார்.